சுருட்டு சீராக எரிய: ஈரத்தின் கோளாறையும் சுற்றின் கோளாறையும் பிரித்தறியும் முறை

ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு சுருட்டுகளில் ஒன்று கடைசி வரை வட்டம் குலையாமல் எரிந்து முடிகிறது. மற்றொன்று கால்வாசி தாண்டுவதற்குள் ஒருபக்கமாக ஓடி, அணைந்து, மறுபடி பற்றவைத்தால் கசக்கிறது. அப்படி நேரும்போது சுற்றியவரின் கையைக் குறை சொல்லத்தான் பலருக்கும் முதலில் தோன்றுகிறது. என் அனுபவத்தில் அந்தக் குற்றச்சாட்டு பெரும்பாலும் தவறாகவே முடிந்திருக்கிறது. எரிதலைக் கெடுப்பவற்றில் முதன்மையானவை இரண்டு. ஒன்று இலையில் இருக்கும் நீர். மற்றொன்று இலைகள் சுற்றப்பட்டிருக்கும் விதம். நீரைக் கூட்டவும் குறைக்கவும் நம்மால் முடியும். சுற்றப்பட்டதை அவிழ்த்துத் திரும்பச் சுற்ற முடியாது. ஆகவே முதலில் நீரைச் சந்தேகித்து, அதைச் சரிசெய்த பிறகும் கோளாறு நீடித்தால் மட்டுமே சுற்றைச் சந்தேகிப்பது என்னும் வரிசையில் இந்தக் குறிப்புகளை எழுதுகிறேன். புகையை உள்ளிழுக்காமல் பிடித்தாலும் சுருட்டு வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பதை அறிந்தே பிடிப்பவர்களுக்கானவை இவை.

தணலுக்கு முன்னால் நிற்கும் நீர்

புகையிலை காற்றிலிருந்து ஈரத்தை வாங்கவும் திருப்பிக் கொடுக்கவும் வல்லது. சுற்றியுள்ள காற்றின் சார்பு ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதத்துக்குள் நிலையாக இருந்தால், போதிய நாட்களுக்குப் பிறகு இலையிலுள்ள நீர் அதன் எடையில் ஏறத்தாழ 12 முதல் 14 சதவீதம் என்ற அளவில் வந்து நிற்கும். 15 கிராம் எடையுள்ள சுருட்டில் 13 சதவீதம் என்றால் அது ஏறத்தாழ 2 கிராம் நீர். தணலுக்கு அடுத்திருக்கும் இலை எரிய வேண்டுமானால் அதிலுள்ள நீர் முதலில் ஆவியாகி வெளியேற வேண்டும். ஒரு கிராம் நீரை அறை வெப்பத்திலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர 80 கலோரி போதும்; கொதிநிலைக்கு வந்த அதே நீரை ஆவியாக்க மேலும் 540 கலோரி செலவாகும். நீரின் அளவு 13 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாக உயர்ந்தால் கூடுவது அரை கிராம்தான் என்றாலும், அந்த அரை கிராமுக்காக மட்டும் தணல் 300 கலோரிக்கு மேல் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. பச்சை விறகு ஏன் புகைந்துகொண்டே இருக்கிறது, ஏன் பற்றிக்கொள்ள மறுக்கிறது என்பதற்கும் காரணம் இதுவே.

நீர் மிகுந்தால் வரும் கேடு அதோடு நிற்பதில்லை. ஈரம் ஏறிய இலை உப்புகிறது. உப்பியதும் இலைகளுக்கிடையே காற்றுப் போகும் வழிகள் நெருக்கப்பட்டு இழுப்பு கனக்கிறது. தணலில் எழும் நீராவி வாயை நோக்கி நகர்ந்து, சூடு குறைந்த பின்பகுதியில் மறுபடி படிகிறது. முதல் பாதியில் ஒழுங்காக எரிந்த ஈரச் சுருட்டு கடைசி மூன்றில் ஒரு பங்கில் சொதசொதவென்று ஆகிக் கசப்பதற்கு இதுவே காரணம். உள்ளே இருக்கும் இலை ஆவியிலும் சூட்டிலும் மேலும் உப்ப, மேலே சுற்றியிருக்கும் மெல்லிய இலை இடம் கொடுக்க முடியாமல் தணலுக்குச் சற்றுப் பின்னால் நீளவாக்கில் வெடித்துவிடுவதும் உண்டு.

உலர்ந்த சுருட்டின் கதை வேறு. அது எளிதில் பற்றும், அணையாது, பெரும்பாலும் நேராகவும் எரியும். ஆனால் வேகமாகவும் சூடாகவும் எரிந்து நாக்கைச் சுடும். மணமெல்லாம் முதல் சில இழுப்புகளில் தீர்ந்துவிட்டது போலிருக்கும். வெட்டும்போது தலை, அதாவது வாயில் வைக்கும் முனை, நொறுங்கினாலோ, விரலால் அழுத்தும்போது காய்ந்த சருகைப் போலச் சலசலத்தாலோ அது உலர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

எந்த அளவில் வைப்பது

பழைய வழக்கில் 70-70 என்றொரு கணக்கு உண்டு: 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 21 டிகிரி செல்சியஸ், அதோடு 70 சதவீதச் சார்பு ஈரப்பதம். நினைவில் வைக்க வசதியான எண் அது. இலை கெடாமல் முதிர்வதற்கு அது பொருந்தலாம். எரிதலை மட்டும் கருதினால் சற்று அதிகம் என்பதே என் கருத்து. பெரும்பாலான சுருட்டுகள் 65 சதவீதத்தில் இன்னும் ஒழுங்காக எரிகின்றன. மதுரோ வகையைச் சேர்ந்த கருத்த, தடித்த, எண்ணெய்ப் பசையுள்ள மேலிலை என்றால் 62 முதல் 65 வரை போதும். நிழலில் வளர்த்த மெல்லிய மேலிலை எளிதில் வெடிக்கும் என்பதால் அதற்கு 67 அல்லது 68 நல்லது.

சார்பு ஈரப்பதம் என்பது வெப்பநிலையோடு பிணைந்த அளவு என்பதை மறந்துவிடக் கூடாது. 21 டிகிரியில் 70 சதவீதம் என்றால் ஒரு கனமீட்டர் காற்றில் ஏறத்தாழ 13 கிராம் நீராவி இருக்கிறது. ஈரம் கூடாமல் குறையாமல் அதே காற்று 30 டிகிரிக்குச் சூடானால் அளவு 42 சதவீதம் அளவுக்கு இறங்கிவிடும். மூடிய பெட்டிக்குள் அந்தப் பற்றாக்குறையை இலைகளே தங்கள் நீரைக் கொடுத்து நிரப்பும். இரவில் குளிர்ந்ததும் கூடுதல் ஈரம் இலையின் மேற்பரப்பில் திரும்பி வந்து படியும். தினமும் இப்படி ஏறி இறங்கும் பெட்டியில் மேலிலை விரிந்து சுருங்கிக் களைத்துப் போகும். ஆகவே பெட்டியை வெயில் படாத, வெப்பம் மாறாத இடத்தில் வைப்பது விலையுயர்ந்த கருவிகளைவிடப் பயன் தரும். 24 டிகிரிக்கு மேல் நீண்ட நாள் இருந்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு. இலையில் தங்கியிருக்கும் புகையிலை வண்டின் முட்டைகள் பொரிந்து, வண்டுகள் குண்டூசித் துளை போட்டுக்கொண்டு வெளியே வரும். துளை விழுந்த சுருட்டு பக்கவாட்டில் காற்றை இழுக்கும் என்பதால் அது நேராக எரியும் என்று எதிர்பார்க்க முடியாது.

அளவுமானியை நம்புவதற்கு முன்

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடமிருந்த ஒரு பெட்டிச் சுருட்டுகள் ஒன்றுவிடாமல் அணைந்துகொண்டே இருந்தன. பெட்டிக்குள்ளிருந்த ஈரப்பதமானியான ஹைக்ரோமீட்டர் 68 காட்டியது; எனவே ஈரத்தின் மேல் எனக்குச் சந்தேகமே எழவில்லை. சுற்று இறுக்கம் என்று முடிவு கட்டி நான்கு சுருட்டுகளைப் பிளேடால் கீறிப் பார்த்தேன். முடிச்சும் இல்லை, காம்பும் இல்லை. இலைகள் அழகாக மடிக்கப்பட்டிருந்தன. பிரித்த இலை மட்டும் விரலில் ஒட்டியது. அதன் பிறகுதான் அந்த மானியை உப்புச் சோதனைக்கு வைத்தேன். 75 காட்ட வேண்டிய இடத்தில் 67 காட்டியது. நான் 68 என்று நம்பியிருந்த பெட்டி உண்மையில் 76இல் இருந்திருக்கிறது. வீணான நான்கு சுருட்டுகளுக்கும் சுற்றியவர் பொறுப்பல்ல.

அந்தச் சோதனையை எவரும் வீட்டிலேயே செய்யலாம். ஒரு புட்டி மூடியில் சாப்பாட்டு உப்பை நிரப்பிச் சில சொட்டு நீர் விட்டால் அது ஈர மணலைப் போலக் குழைய வேண்டும்; உப்பு கரைந்து நீராகிவிட்டால் சோதனை பலிக்காது. அந்த மூடியையும் ஹைக்ரோமீட்டரையும் ஒன்றையொன்று தொடாதபடி காற்றுப் புகாத டப்பாவிலோ பூட்டு வாயுள்ள பிளாஸ்டிக் பையிலோ வைத்து மூடி, வெப்பம் மாறாத இடத்தில் முழு இரவு, முடிந்தால் 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். சோடியம் குளோரைடு நிறைவுற்று நனைந்திருக்கும்போது அதன் மேலுள்ள காற்றின் சார்பு ஈரப்பதம் சாதாரண அறை வெப்பத்தில் 75 சதவீதத்தில் நிற்கும். இது உப்பின் இயல்பு, டப்பாவின் அளவைப் பொறுத்ததன்று. மூடியைத் திறக்காமலே மானியைப் படித்து, 75க்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைக் குறித்துக்கொண்டு, இனிப் பார்க்கும் ஒவ்வோர் அளவிலும் அதைக் கூட்டியோ கழித்தோ கொள்ள வேண்டும். முள் உள்ள மானிகள் அழகாக இருந்தாலும் அவற்றின் நம்பகம் குறைவு. சிறிய டிஜிட்டல் மானியே போதும், ஆனால் ஆண்டுக்கு ஒரு முறையாவது அதைச் சோதித்துவிட வேண்டும்.

கடைகளில் 65, 69, 72 என்று எண் அச்சிட்டு விற்கப்படும் ஈரப்பதப் பைகளும் இதே தத்துவத்தில் இயங்குகின்றன. வெவ்வேறு உப்புகளின் நிறைவுற்ற கரைசல், நீராவியை மட்டும் கடத்தும் உறைக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது. காற்று உலர்ந்தால் அது ஈரம் தரும், ஈரம் மிகுந்தால் உறிஞ்சிக்கொள்ளும். நீர் ஊற்றி வைக்கும் பஞ்சுகளைவிட நான் இவற்றையே விரும்புகிறேன், ஏனென்றால் பஞ்சுக்குக் கொடுக்க மட்டுமே தெரியும், வாங்கத் தெரியாது. பஞ்சைத்தான் பயன்படுத்துவேன் என்பவர்கள் காய்ச்சி வடித்த நீரையே விட வேண்டும், குழாய் நீரின் உப்புகள் அதன் நுண்துளைகளை அடைத்துவிடும். ஸ்பானிஷ் சிடார் பலகையால் ஆன புதிய ஹியூமிடார், அதாவது ஈரம் காக்கும் சுருட்டுப் பெட்டி, என்றால் சுருட்டை வைப்பதற்கு முன் ஈரம் மிகுந்த பையை உள்ளே வைத்து இரண்டு வாரம் மூடி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காய்ந்த பலகை முதலில் தன் தாகத்தைச் சுருட்டிலிருந்து தீர்த்துக்கொள்ளும். பெயரில் சிடார் இருந்தாலும் அந்த மரம் மஹோகனிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது வேறு செய்தி.

மேலே ஒரு பதம், உள்ளே ஒரு பதம்

ஈரப்பதம் பற்றிப் பேசுகையில் அடிக்கடி விடுபட்டுப் போவது காலம். மேலிலை ஒரு நாளுக்குள் சுற்றுக்காற்றோடு சமநிலைக்கு வந்துவிடும். நடுவிலிருக்கும் இலைக்கு வாரங்கள் ஆகும். ஈரம் நடு வரை ஊர்ந்து செல்ல ஆகும் நேரம் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். சுருட்டின் விட்டம் அங்குலத்தை 64 பங்காக்கி எண்ணப்படுகிறது. ரிங் கேஜ் 50 என்றால் 50/64 அங்குலம், ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். ரிங் கேஜ் 40 உள்ள சுருட்டைவிட 60 உள்ளது ஒன்றரை மடங்குதான் தடிமன், ஆனால் அதன் நடுப்பகுதி பதத்துக்கு வர இரண்டேகால் மடங்கு காலம் பிடிக்கும். தடித்த சுருட்டுகளைப் பற்றி அதிகம் புகார் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிப்பதமும் உள்பதமும் வேறுபட்டிருப்பது சீரான ஈரத்தைவிடக் கெடுதி செய்யும். காய்ந்த சுருட்டைக் காப்பாற்றுகிறேன் என்று நேரே 72 சதவீதத்தில் வைத்து மறுநாளே பற்றவைத்தால், நனைந்த மேலிலை பின்தங்க, காய்ந்த உள்ளிலை முன்னால் ஓடி நடுவில் குகை விழும். ஈரச் சுருட்டை வெறும் அறையில் ஓரிரு மணி நேரம் காயவைத்துப் பற்றவைத்தால் நடப்பது இதற்கு நேர்மாறு: காய்ந்த மேலிலை சரசரவென்று எரிந்துபோக, உள்ளே கருத்த மொட்டு ஒன்று எரியாமல் துருத்தி நிற்கும். ஆகவே உலர்ந்ததை மீட்கும்போது 62, பிறகு 65, பிறகு வேண்டுமானால் 69 என்று ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு வாரம் நிறுத்தி ஏற்ற வேண்டும். ஈரமானதை இறக்கும்போது ஈரம் தரும் எதுவுமில்லாத ஒரு மரப்பெட்டியில் ஒன்றிரண்டு நாள் வைத்துவிட்டு, பிறகு 65 சதவீதப் பெட்டிக்கு மாற்றலாம். தபாலிலும் பயணத்திலும் வந்த சுருட்டை அன்றே பற்றவைத்துத் தீர்ப்புச் சொல்வது அதற்குச் செய்யும் அநீதி.

பதம் வந்துவிட்டதா என்று அறிய எடை பார்ப்பதே நேரான வழி. நகை எடை பார்க்கும் வகையிலான, கிராமில் நூற்றில் ஒரு பங்கு வரை காட்டும் சிறிய தராசு போதும். ஒரு சுருட்டை அடையாளம் வைத்து மூன்று நாளுக்கு ஒரு முறை நிறுத்துக் குறித்து வர வேண்டும். 15.42, 15.20, 15.08, 15.04, 15.03 என்று இறக்கம் மெதுவாகி நின்றுவிட்டால் நடு வரை பதம் வந்துவிட்டது என்று பொருள். பெட்டியின் மானி காட்டுவது காற்றின் நிலையை. தராசு காட்டுவது இலையின் நிலையை.

சுற்றின் உள்ளே

சுருட்டு என்னும் பெயரே அது சுருட்டப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறது. கையால் செய்த நல்ல சுருட்டில் மூன்று அடுக்குகள் உண்டு: நடுவில் ஃபில்லர் எனப்படும் உள்ளிலைக் கற்றை, அதைப் பிடித்து வைக்கும் பைண்டர் எனப்படும் பிணைப்பிலை, எல்லாவற்றுக்கும் மேலே ரேப்பர் எனப்படும் மேலிலை. எரிதலைப் பொறுத்தவரை கற்றையே முக்கியம். செடியின் உச்சியில் வெயில் அதிகம் பட்டு வளர்ந்த லிஹேரோ இலை தடித்தது, எண்ணெய் மிகுந்தது, காரமானது, மெதுவாக எரிவது. நடுவில் விளைந்த செக்கோ மணத்துக்காகவும், அடியில் விளைந்த மெல்லிய வொலாடோ எரிதலுக்காகவும் சேர்க்கப்படுகின்றன. தணலின் வெப்பம் அதிகமாக இருப்பது மையத்தில் என்பதால் எரிய மறுக்கும் லிஹேரோவை அங்கேதான் வைக்க வேண்டும். அது சற்று நகர்ந்து ஓரத்துக்குப் போய்விட்டால் அந்தப் பக்கம் முழுவதும் பின்தங்கும்; எதிர்ப்பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் உலர வைத்தாலும் இந்தக் கோணல் போகாது.

இலைகளை அடுக்கும் விதத்திலும் வேறுபாடு உண்டு. ஒவ்வோர் இலையையும் தனித்தனிக் குழலாக உருட்டிச் சேர்ப்பதை என்டுபாடோ என்பார்கள். நேரம் பிடிக்கும் வேலை, ஆனால் காற்று செல்லத் தனித்தனி வழிகள் கிடைப்பதால் இழுப்பும் எரிதலும் இதில்தான் சிறப்பாக அமைகின்றன. துருத்தியைப் போல மடித்து மடித்துச் சேர்ப்பது இதற்கு அடுத்தது. இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் புத்தகம் போல ஒரே மடிப்பாக மடிப்பது விரைவான வழி. இதில் மடிப்பின் முதுகு விழும் பக்கம் இலை நெருக்கமாகவும் திறந்த பக்கம் தளர்வாகவும் அமைந்துவிடும். நெருக்கமான பக்கம் மெதுவாகவும் தளர்ந்த பக்கம் வேகமாகவும் எரியும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. துண்டு இலைகளை நிரப்பிச் செய்யும் சுருட்டுகளில் காற்று வழி தொடர்ச்சியாக இராது. அவை சூடாகவும் விரைவாகவும் எரியும்.

கற்றையைப் பிணைப்பிலையில் சுற்றி அச்சுப் பலகையில் வைத்து அழுத்துகிறார்கள். அழுத்தத்தின் நடுவே எடுத்துத் திருப்பி வைக்காவிட்டால் அச்சின் விளிம்பு பட்ட இடத்தில் நீளவாக்கில் ஒரு தழும்பு விழும். கவனமுள்ள ஆலைகளில் மேலிலை சுற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு கற்றையின் வழியாகவும் கருவியால் காற்றை இழுத்து, தடையை, அது நீரை எத்தனை மில்லிமீட்டர் உயர்த்தும் என்ற கணக்கில் அளந்து பார்த்து, தேறாதவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள்.

இலை விளைந்த மண்ணும் இதில் தன் பங்கைச் செலுத்துகிறது. பொட்டாசியம் மிகுந்த இலை கனன்றுகொண்டே இருக்கும். குளோரைடு ஏறிய இலை கரிந்து கரிந்து அணையும். புகையிலைக்குப் பொட்டாசியம் குளோரைடு உரத்தைத் தவிர்த்துச் சல்ஃபேட் உரத்தை இடுவதற்குக் காரணம் இதுதான். போதிய அளவு புளிக்க வைக்காத இலையும் எரிய முரண்டு பிடிக்கும். அதில் அம்மோனியா நெடி மூக்கில் ஏறும். இவை சுற்றியவராலும் நம்மாலும் திருத்த முடியாதவை.

பற்றவைப்பதற்கு முன்

கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே சுருட்டை மெல்ல அழுத்திக்கொண்டு தலையிலிருந்து அடிவரை வர வேண்டும். எங்கும் ஒரே மாதிரி அமுங்கி மீண்டால் நல்லது. முழுவதும் பஞ்சு போல அமுங்கினால் ஈரம் மிகுதி. ஓரிடம் மட்டும் கல்லாக இருந்தால் முடிச்சு. ஓரிடம் மட்டும் பொதபொதவென்றிருந்தால் அங்கே இலை குறைவு. இந்த வேறுபாடு எளியது, ஆனால் முக்கியமானது: ஈரத்தின் கோளாறு சுருட்டு முழுவதும் பரவியிருக்கும், சுற்றின் கோளாறு ஓரிடத்தில் இருக்கும். அடுத்து, தலையிலுள்ள தொப்பி இலையின் வளைவு முடிவதற்குள் இரண்டு மில்லிமீட்டர் அளவு வெட்டிவிட்டு, பற்றவைக்காமலே இழுத்துப் பார்க்க வேண்டும். தொப்பியின் கோட்டுக்குக் கீழே வெட்டினால் மேலிலை அவிழத் தொடங்கிவிடும், அந்தக் குற்றம் நம்முடையது. வெறும் இழுப்பில் சிறிது தடை தெரிய வேண்டும். கன்னம் குழிய இழுக்க வேண்டியிருந்தால் அன்றைக்கு அதைப் பற்றவைக்காமல் இரண்டு நாள் உலர்ந்த பெட்டியில் வைத்துவிட்டு மீண்டும் இழுத்துப் பாருங்கள். இழுப்பு இளகினால் ஈரம். அப்படியே இருந்தால் சுற்று.

பற்றவைப்பதில் அவசரப்பட்டதால் கோணலாகிப் போகும் சுருட்டுகளும் உண்டு. சுவாலையை அடிமுனைக்குத் தொடாமல் சற்றுக் கீழே பிடித்து, சுருட்டை உருட்டிக்கொண்டே முதலில் விளிம்பு முழுவதும் கருகும்படி காட்ட வேண்டும். அதன் பிறகே இழுத்துப் பற்றவைக்க வேண்டும். முனையை நோக்கி மெல்ல ஊதினால் தணல் எங்கே கனிந்திருக்கிறது, எங்கே கருமை மிச்சமிருக்கிறது என்று தெரியும். கருமை தெரிந்த இடத்துக்கு மட்டும் மறுபடி சுவாலை காட்டினால் போதும். பிறகு ஏறத்தாழ நிமிடத்துக்கு ஓர் இழுப்பு. அதைவிட வேகமானால் நல்ல சுருட்டும் சூடேறிக் கசக்கும். மிகத் தாமதித்தால் ஈரமில்லாத சுருட்டும் அணையும்.

தணலைப் படிப்பது

ஒருபக்கம் மட்டும் ஓடி, முனை படகின் வடிவத்துக்கு வந்துவிட்டால் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பாருங்கள். சுருட்டை அரைச்சுற்றுத் திருப்பிப் பிடித்துக்கொண்டு சில நிமிடம் கவனியுங்கள். திருப்பிய பிறகு காற்று வீசும் பக்கமே மறுபடி வேகமாக எரிந்தால் காரணம் காற்று; எப்படித் திருப்பினாலும் சுருட்டின் அதே பக்கம் பின்தங்கினால் லிஹேரோ ஓரத்தில் இருக்கிறது, அல்லது மடிப்பு அந்தப் பக்கம் விழுந்திருக்கிறது. பின்தங்கும் பக்கத்தைக் கீழே இருக்கும்படி பிடித்தால் அது பெரும்பாலும் மற்றதை எட்டிப் பிடித்துவிடும். அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டால் பின்தங்கிய விளிம்புக்கு மட்டும் சுவாலை காட்டலாம். ஓடும் பக்கத்துக்கு முன்னால் நனைத்த விரலால் ஒரு கோடு இழுப்பதும் உதவும். நீர் தணலைத் தடுக்கிறது என்ற அதே உண்மையை இங்கே நமக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொள்கிறோம்.

நடு மட்டும் எரிந்து மேலிலை கூடாக நின்றால் அது குகை. இழுக்கும்போதுதான் நடுவுக்குக் காற்று போகிறது. இடைவேளையில் வெளி விளிம்பு தானாகக் கனன்று முன்னேற வேண்டும். மேலிலை நனைந்திருந்தாலோ இழுப்புகளுக்கிடையே அதிக நேரம் விட்டாலோ விளிம்பு கனலாமல் நின்றுவிடும். எரியாத கூட்டைச் சுவாலையால் கருக்கி, சில இழுப்புகளை அடுத்தடுத்து இழுத்துவிட்டால் சரியாகும். சாம்பலைத் தட்டியபின் தெரியும் சிறிய கூம்பைக் குகையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நடு சற்றுப் பின்தங்கித் துருத்தி நிற்பது இயல்பு, நல்ல எரிதலின் அடையாளமும் கூட.

சாம்பலின் நிறத்தைப் பற்றிப் பலரும் அக்கறையோடு பேசுகிறார்கள். வெள்ளை, சாம்பல் நிறம், கருமை என்பதெல்லாம் பெரும்பாலும் இலையில் ஏறிய தாதுக்களின் விளைவு. நிறத்தைப் பார்த்துச் சுற்றின் தரத்தைச் சொல்ல முடியாது. சாம்பல் உதிராமல் நீளமாக நிற்கிறதா என்பதற்குச் சற்று அதிகம் மதிப்புண்டு, ஏனென்றால் முழு இலைகளால் இடைவெளியின்றிக் கட்டிய கற்றைதான் அப்படி நிற்கும்.

பிளேடும் குறிப்பேடும்

ஈரம் சரி, பற்றவைப்பும் சரி, ஆனாலும் தேறாத சுருட்டைத் தூக்கி எறிவதற்கு முன் ஒரு பிரேதப் பரிசோதனை செய்துவிடுங்கள். பிளேடால் மேலிலையை மட்டும் நீளவாக்கில் கீறிப் பிரித்து, பிணைப்பிலையைச் சுற்று சுற்றாக அவிழ்த்துக் கற்றையை விரித்தால் காரணம் பெரும்பாலும் கண்ணெதிரே கிடக்கும். சென்ற முறை நான் பிரித்ததில், வாயிலிருந்து மூன்று விரற்கடை தள்ளி, மூன்று இலைகள் கயிறு திரித்தது போல முறுக்கிக்கொண்டிருந்தன. அதற்குள் தீக்குச்சிப் பருமனில் நீக்கப்படாத ஒரு காம்பு. அந்த முறுக்கு வரை ஒழுங்காக எரிந்த சுருட்டு, அதற்கு அரை அங்குலம் முன்னால் நின்றுபோயிருந்தது. இத்தகைய அடைப்பை முன்கூட்டியே விரலால் கண்டுகொண்டால், மெல்லிய நீண்ட ஊசியைத் தலைவழியே செலுத்தி ஒரு வழி திறந்து பார்க்கலாம். அவசரப்பட்டால் ஊசி பக்கவாட்டில் மேலிலையைக் குத்திக்கொண்டு வெளியே வரும்.

ஒரே பெட்டியில் மூன்று சுருட்டுகளிலும் இதே இறுக்கத்தைக் கண்டால் மீதியைக் கைவிட வேண்டியதில்லை. இலை உலர்ந்தால் சுருங்கும், சுருங்கினால் காற்று வழி விரியும். அந்தப் பெட்டியை 60 அல்லது 62 சதவீதத்துக்கு மெல்ல இறக்கி, தராசில் எடை நிலைத்த பிறகு ஒன்றைப் பற்றவைத்துப் பாருங்கள். 69இல் கன்னம் வலிக்க இழுத்த சுருட்டு அங்கே ஒழுங்காக வழிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தளர்வாகச் சுற்றி, ஊதுகுழல் போல இழுபட்டுச் சுடுகிற பெட்டிக்கு மருந்து இதற்கு எதிரானது: 69 அல்லது 70இல் ஒரு மாதம் வைத்தால் இலை உப்பி அந்தத் தளர்ச்சியில் ஒரு பங்கை நிரப்பிவிடும். பெட்டியின் மூடிக்குள் ஒரு காகிதத்தை ஒட்டி, எந்த அளவில், என்ன எடையில் எப்படி எரிந்தது என்று பென்சிலால் எழுதி வைத்தால் அடுத்ததை எடுக்கும்போது எங்கே தொடங்குவது என்று தெரியும்.